ஒரு கம்பியில் இரு வழிகள்

இக்கால அலுவலகங்களிலே மேசைதோறும் தொலைபேசி ஒன்றும் கணினி ஒன்றும் வேண்டப்படுகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம், 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா வளாகம், மாவட்ட வைத்தியசாலைகள், செயலகங்கள் ஆகிய வன்னிப் பெருநிலத்து நிறுவனங்கள் எவற்றை நோக்கினும் இத்தேவை பொதுவானதே. இரண்டிற்கும் வெவ்வேறு கம்பி இழுப்பின் செலவு பெருகும். ஆதலின், குரலையும் தரவையும் ஒரே கம்பியிற் செலுத்தும் முறை எழுந்தது. அம்முறை யாதென ஈண்டு ஆராய்வாம்.

குரலின் இயல்பு வேறு; தரவின் இயல்பு வேறு. கோப்பொன்று ஒரு செக்கன் தாமதித்து வரினும் குறையில்லை. குரலோ அத்தகையதன்று. பேச்சானது பெரும்பாலும் செக்கனுக்கு 50 பொதிகளாக நறுக்கி அனுப்பப்படும். ஒருவழிச் செலவு 150 மில்லிசெக்கனுக்கு உட்பட்டிருத்தல் நன்றென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. விபத்துற்றவன் பொருட்டு வைத்தியசாலைக்கு வரும் அழைப்பிலே, குருதி வகையைக் கூறும் ஒரு சொல் சிதையுமாயின் விளையும் கேட்டினை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரணைமடுக் குளத்து நீர் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களாகப் பிரிந்து பாய்தலை நாம் அறிவோம். ஆங்குப் பிரித்து வைப்பது மண்ணணை. கம்பியினுள்ளே அணை கட்டல் இயலாது. ஆதலின் அடையாளமே அணையாகின்றது. 1998இல் வெளிவந்த 802.1கியூ என்னும் நியமம் ஈதர்நெற் சட்டகத்தினுள் 4 பைற்று அளவுடைய அடையாளமொன்றைச் சேர்க்கின்றது. அதில் 12 பிற்று, வீலான் எனப்படும் மெய்நிகர் இடத்துரி வலையமைப்பின் எண்ணைக் குறிக்கும். 1 முதல் 4094 வரை எண்கள் பயன்படும். 3 பிற்று, 0 முதல் 7 வரையுள்ள முன்னுரிமைப் படியைக் குறிக்கும்.

இனிச் செய்முறை. முதலில், சுவிச்சு எனப்படும் ஆளியிலே தரவுக்கு 10, குரலுக்கு 20 என இரு வீலான்களை உண்டாக்குக. பின்னர், மேசைக்குச் செல்லும் துறையிலே 10ஐத் தரவுக்கும் 20ஐக் குரலுக்கும் உரியனவாக அமைக்க. ஆளியிலிருந்து வரும் கம்பி தொலைபேசியிற் சேரும்; தொலைபேசியின் பின்புறத்துத் துறையிற் கணினி இணையும். குரல் வீலானின் எண்ணை ஆளியே தொலைபேசிக்கு அறிவிக்கும். தொலைபேசி தன் சட்டகங்களுக்கு 20 என்னும் அடையாளமிட்டு அனுப்பும். கணினியின் சட்டகங்கள் அடையாளமின்றி வரும். அவற்றை ஆளி 10இற் சேர்க்கும். ஓர் ஆளியிலிருந்து மற்றோர் ஆளிக்குச் செல்லும் இணைப்பு இரு வீலான்களையும் சுமத்தல் வேண்டும். அதிலே 20ஐ விடுத்தால், கணினி இயங்கத் தொலைபேசி ஊமையாகும்.

ஈண்டுப் பலர் மயங்குவதுண்டு. பிரித்தல் வேறு, முந்தவிடல் வேறு. வீலான் இரண்டாயினும் கம்பி ஒன்றே. பெருங்கோப்பொன்று அதனை அடைத்துக்கொள்ளின் குரலும் காத்துநிற்கும். ஆதலின் குரற் பொதிகளுக்கு உயர்ந்த முன்னுரிமைப் படி, வழக்கமாக 5, வழங்கப்பெறும். அப்படியை வழியிலுள்ள ஆளிகள் யாவும் மதித்து நடத்தலும் வேண்டும். கணினி தானே இட்டுக்கொள்ளும் முன்னுரிமையை ஏற்காது விடுதலும் முறை. அன்றேல் யாவரும் முந்துவர், எவரும் முந்தார்.

பகிர்ந்து கொள்ளும் வழியிலே ஒவ்வொன்றிற்கும் உரிய இடத்தை வகுத்து, காலந் தாழ்த்தலாகாததை முன்விடுதலே இவ்வமைப்பின் உட்பொருளாகும்.