ஊஞ்சலும் உட்காதும்

வகுப்பில் நாற்காலியை ஓயாது ஆட்டும் மாணாக்கனும், படியிறங்க அஞ்சி நிற்கும் மாணாக்கியும் ஆசிரியர் எவருக்கும் புதியவரல்லர். அவனைக் குறும்பன் என்றும் அவளைக் கோழை என்றும் பெயரிட்டுவிட்டு நாம் அப்பாற் செல்கிறோம். அங்ஙனம் செல்லாது நின்று நோக்கியவர் ஜீன் அயர்ஸ் (1920–1988) என்னும் அமெரிக்கப் பெண்மணி. தொழிற்சிகிச்சையும் உளவியலும் கற்றுக் கலிபோர்னியாவிற் பணியாற்றிய அவர், உடலிலிருந்து வரும் புலச்செய்திகளை மூளை ஒழுங்காக இணைத்துக்கொள்ளாமையே இத்தகைய பிள்ளைகள் சிலரது இடர்ப்பாட்டுக்குக் காரணம் எனக் கருதினார். புலன் ஒருங்கிணைவு என்னும் அக்கொள்கையை 1972 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். மரக்கிளைக்குரிய ஊஞ்சல் மெத்தை விரித்த அறையினுள்ளே சிகிச்சைக் கருவியானது இக்கொள்கையின் வழியிலேயே.

ஐம்புலன் என்றே எண்ணிப் பழகிய நமக்கு, காதினுள் ஓசையோடு தொடர்பற்ற ஓர் உறுப்பும் உண்டென்பது வியப்பாயிருக்கும். அங்கே மூன்று அரைவட்டக் குழாய்கள் உள. தலை திரும்புகையில் அவற்றிலுள்ள நீர் சற்றே பின்தங்கி, உணர்மயிர்களை வளைக்கிறது. சுழற்சியை மூளை அறிகிறது. அடுத்துள்ள இரு நுண்பைகளிலுள்ள சுண்ணாம்புத் துணுக்குகளோ நேர்நகர்வையும் தலையின் சாய்வையும் உணர்த்துகின்றன.

ஆகவே எல்லா ஆட்டமும் ஓராட்டமன்று. முன்னும் பின்னும் மெல்லச் செல்லும் பலகை பெரும்பாலும் அமைதி தரும். ஏணையில் அழுகை அடங்குவதைக் கண்ட தாய்மாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒற்றைக் கொளுக்கியில் தொங்கிச் சுழலும் வலையூஞ்சலோ கிளர்ச்சியூட்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு சுற்றிலேயே குமட்டும். இன்னொன்று எத்தனை சுற்றினும் போதாதென்னும். இவ்வேறுபாட்டைக் கண்டறிவதே சிகிச்சையாளரின் திறமை. பிள்ளை ஊஞ்சலிற் குப்புறப்படுத்தபடியே தரையிலுள்ள சிறு பைகளைப் பொறுக்கிக் கூடையில் எறியும். உருளையூஞ்சலிற் குதிரையேற்றம் போல அமர்ந்து நிலைகாக்கும். எவ்வளவு ஆடுவதென்பதைப் பிள்ளையின் விருப்பமே காட்டவேண்டும். வற்புறுத்தி ஆட்டுவது சிகிச்சையாகாது.

இனிப் பயன் யாது? இங்கேதான் நிதானம் வேண்டும். இச்சிகிச்சைக்குரிய சான்று குறைவென்றும் முடிவானதன்றென்றும் அமெரிக்கக் குழந்தைவைத்தியர் கழகம் 2012 இல் அறிவித்தது. ஓட்டிசமுள்ள 138 பிள்ளைகளைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வில், அவர்களது எரிச்சலையும் கிளர்ச்சியையும் தணிப்பதில் வழக்கமான பராமரிப்பினும் மேலான பயன் காணப்படவில்லை. எனவே ஊஞ்சலை மருந்தெனக் கூறி விற்பவரை நம்பலாகாது. அதற்காக அதனைக் கழற்றியெறிய வேண்டுமென்பதுமில்லை. ஆடியபின் ஒரு பிள்ளை அமைதியாக அமர்ந்து படிக்குமாயின், அப்பிள்ளைக்கு அது உதவியே. ஆயினும் ஒரு பிள்ளைக்குக் கண்ட நன்மையை எல்லார்க்கும் விதியாக்குவது அறிவுடைமையன்று.

வீட்டிலே தொங்கவிட எண்ணுவோர் உட்கூரைத் தகட்டை நம்பாது, உறுதியான வளையிலேயே கொளுக்கியைப் பொருத்துக. செங்குத்திலிருந்து 60 பாகை விலகி இறங்கும் ஊஞ்சல், அடிநிலையில் அதிலுள்ள நிறையின் இருமடங்கு விசையோடு கயிற்றை இழுக்கும். கீழே தடித்த மெத்தை வேண்டும். சுவர் எட்டியிருக்க வேண்டும். வலிப்புநோயுள்ள பிள்ளையை வைத்தியரைக் கேளாது ஏற்றலாகாது. முகம் வெளிறினாலோ வியர்வை அரும்பினாலோ, பிள்ளை வாய்திறந்து சொல்லுமுன்னரே ஊஞ்சலை நிறுத்திவிடுக.