கூட்டத்தின் கைக்கணக்கு

அனுப்பர்பாளையத்தில் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு எடையை வைத்துத்தான் விலை. பட்டறையில் பழகிய கை ஒரு தவலையைத் தூக்கியதுமே எடையை ஏறக்குறையச் சொல்லிவிடும். அதே தவலையைத் தொழில் தெரியாத நூறு பேரிடம் கொடுத்து, ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழாதபடி எழுதி வாங்கினால் என்ன ஆகும்? ஒருவர் கூட்டிச் சொல்வார், ஒருவர் குறைத்துச் சொல்வார். சீட்டுகளை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை உருவினால், அது தேர்ந்த கைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கக்கூடும்.

1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் இப்படி ஒன்று நிஜமாகவே நடந்தது. ஒரு காளையை வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு தேறும் என்று ஆறு பென்னி கட்டி ஊரார் ஊகித்தார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் அந்தச் சீட்டுகளை வாங்கி, படிக்க முடிந்த 787 சீட்டுகளை ஆராய்ந்தார். நடுச்சீட்டு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை! மிகையும் குறையும் ஒன்றையொன்று தின்றுவிட, எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்த அறிவு மட்டும் மிஞ்சியது. ஆனால் பெரியவர் ஒருவர் முதலில் உரக்கச் சொல்லி, மற்றவர்கள் அதையே எழுதியிருந்தால், 787 சீட்டும் ஒரே சீட்டுதான்.

கிண்டி குதிரைப் பந்தயத்தில் இருந்த ‘டோட்’ முறை, இந்த ஊகத்தைப் பணமாக எண்ணும் ஏற்பாடு. கட்டிய பணம் முழுவதும் ஒரே குவியலில் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் போக மீதியை, ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். இதற்கான தானியங்கி இயந்திரத்தைப் பொறியாளர் ஜார்ஜ் ஜூலியஸ் 1913-இல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் நிறுவினார். தேர்தல் வாக்குகளை எண்ணத்தான் அவர் அதை முதலில் வடிவமைத்தார்; அரசு ஏற்காததால் பந்தயத் திடலுக்கு வந்தது. எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. இரண்டு இடத்திலும் எண்ணுவது ஊர் மனதைத்தான்.

எந்தக் குதிரைமேல் கூட்டம் எத்தனை சதவீதம் கட்டியது என்று தெரிந்தால் லாபம் பார்க்கலாமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். குவியலில் ஒரு லட்சம் ரூபாய். அதில் 40,000 ஒரே குதிரைமேல். கழிவு 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பங்கிட மிஞ்சுவது 80,000. அந்தக் குதிரை ஜெயித்தால் ரூபாய்க்கு இரண்டு ரூபாய். அதாவது, கையைக் கடிக்காமல் இருக்கவே அது இரண்டில் ஒரு முறை ஜெயித்தாக வேண்டும். ஊர் கொடுத்த மதிப்போ நூற்றுக்கு நாற்பது. கூட்டம் சொன்னது சரியாகவே இருந்தாலும் கூட்டத்தோடு போனவருக்கு நஷ்டம். எதிர்த்து வேறு குதிரைமேல் கட்டினாலும் அதே கழிவு காத்திருக்கிறது. கூட்டத்தின் அறிவு முழுவதும் ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டது. லாபத்துக்கு வேண்டியது, கூட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு பிசகுகிறது என்ற அறிவு.

பிசகு உண்டு. 1949-இல் ரிச்சர்ட் கிரிஃபித் என்ற உளவியலாளர் அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களை ஆராய்ந்தார். ஜெயிக்க வாய்ப்பே அரிதான குதிரைகள்மேல், அவற்றின் தகுதிக்கு மீறிப் பணம் கொட்டப்படுவதையும், முன்னணிக் குதிரைகளுக்குத் தகுதிக்குக் குறைவாக விழுவதையும் கண்டார். நூறு ரூபாய் ஆயிரங்களாகும் என்ற ஆசை, சின்ன வாய்ப்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

பேஸ்பால் பந்தயத்தில் கூட்டத்தின் சதவீதமே இரண்டு வகை. அங்கே பந்தயத் தளங்கள், எந்த அணிமேல் எத்தனை சதவீதம் பேர் கட்டினார்கள், எத்தனை சதவீதப் பணம் விழுந்தது என்று தனித்தனியே வெளியிடுகின்றன. பலர் சிறு தொகையாக ஒரு பக்கமும், சிலர் பெருந்தொகையாக மறுபக்கமும் இருக்கலாம். தலைகளை மட்டும் எண்ணினால் இது தெரியாது. அங்கே கூட்டம் எந்தப் பக்கம் பிசகுகிறது என்று பார்க்க, 1994-இல் லிண்டா உட்லண்ட், பில் உட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் பந்தய விலைகளை அலசினார்கள். ஜெயிக்கும் என்று பேர்பெற்ற அணிகள்மேல்தான் அங்கே சற்று அதிக மோகம். குதிரைகளில் கண்டதற்கு நேர்மாறு. அப்படியானால் பலவீனமான அணிகள்மேலேயே கட்டிக்கொண்டு போகலாமே? அவர்கள் அதையும் கணக்கிட்டார்கள். தரகு போனபின் அந்தப் பிசகில் லாபம் மிஞ்சவில்லை.