உடும்பின் உணவு

மொனராகலைச் சேனைப் புலங்களிலும் ஆற்றங்கரைகளிலும் இருவகை உடும்புகள் வாழ்கின்றன. தரையுடும்பு வண்டு, நத்தை, தேள், முட்டை முதலியவற்றை உண்ணும். கபறக்கொய்யா எனப்படும் நீருடும்பு மீன், நண்டு, பிணவூன் ஆகியவற்றை நாடும். எலும்போடும் ஓட்டோடும் இரையை விழுங்குதல் இரண்டிற்கும் இயல்பு.

எனவே, தசையை மட்டும் ஊட்டுதல் தீதாகும். தசையிற் பொசுபரசு மிகுதி, கல்சியம் அற்பம். அக்குறையை நிரப்ப உடல் தன் எலும்பையே கரைக்கும். எலும்பு நெகிழ்ந்து வளையும். வெயிலின்றேல் விற்றமின் டீ குன்றி, உண்ட கல்சியமும் உடலிற் சேராது. அயல்நாடுகளில் வளர்ப்போர் எலியை முழுதாக அளிப்பது இதனாலேயே.

இலங்கையிலோ 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவற்றைக் காக்கின்றன. கூண்டிலிட்டு வளர்த்தல் குற்றம். காயமுற்றதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் ஒப்புவித்தலே முறை. நஞ்சு தெளிக்கப்படாத வயலினும் சிறந்த உணவுச்சாலை உடும்புக்கு வேறில்லை.