நெய்யாற்றில் முதல் நாள்

உதியன்குளங்கரைக்குத் தென்மேற்கே, நெய்யாறு கடலோடு கலக்கும் துறை பூவாறு. காலையில் படகேறினால், தென்னையும் கண்டலும் நிழல் விரிக்க, பொழுதேறுமுன் மணல் திட்டை அடையலாம். ஒருபால் அமைதியான ஆறு. மறுபால் அலையெறியும் அரபிக்கடல்.

இங்கிருந்து தென்கிழக்கே செல்வதே மக்கள் ஏ.வி.எம். கால்வாய் என வழங்கும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியே இணைக்க எண்ணி, திருவிதாங்கூர் அரசு 1860-இல் அதனைத் தொடங்கிற்று; ஆயினும் குமரியை அது எட்டவேயில்லை.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரு மாநிலத்துக்கும் உரியதான கால்வாயோ பல இடங்களில் தூர்ந்துவிட்டது. ஆகவே குளச்சல் செல்வோர்க்கு மறுநாள் பயணம் சாலைவழியேதான்.

ஊர் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளுக்கு இந்நீர்வழியைக் காட்டுக. கண்டவரன்றோ அதனை மீட்கக் குரல் கொடுப்பர்!