உங்கள் பையன் கபடி சீசனுக்குப் போக வேண்டுமானால்

திருமயம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சமயத்திலும் கோயில் திருவிழாக்களிலும் விளக்குப் போட்டு விடிய விடியக் கபடி நடத்துவார்கள். நன்றாகப் பாடிப் போகிற பையன் ஒருவனைப் பார்த்து, "இவனெல்லாம் தமிழ் தலைவாஸ்ல ஆட வேண்டியவன்" என்று யாராவது சொல்வார்கள். பையனும் அதைக் கேட்பான், அம்மா அப்பாவும் கேட்பார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு கேள்வி நிற்கும்: படிப்பை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாமா?

அதற்குப் பதில் தெரிய, அப்படி ஓர் அணியின் சீசன் (ஓராண்டின் போட்டிக் காலம்) எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தமிழ் தலைவாஸ் என்பது தமிழ்நாட்டு அரசின் அணியா? இல்லை. தனியார் முதலாளிகள் பணம் போட்டு நடத்தும் தொழில்முறை அணி (சம்பளத்துக்கு ஆடும் அணி). இந்த அணி ஆடும் புரோ கபடி லீக் என்ற தொடர் 2014-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017-ல் அது பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது தலைவாஸ் வந்தது. பெயரில் தமிழ் இருந்தாலும் உள்ளூர் ஆட்டக்காரர்களைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. அணியில் அரியானா முதலிய வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களே அதிகம் இருந்திருக்கிறார்கள். இது நம் ரசிகர்களுக்கு வருத்தம்தான், எனக்கும்தான். ஆனால் உண்மை நிலவரம் அதுதான் என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

சீசன் எப்போது தொடங்குகிறது? முதல் விசிலுக்கு மாதக்கணக்கில் முன்பே, ஏலத்தில். 2025 சீசனுக்கான ஏலம் மே 31, ஜூன் 1 தேதிகளில் மும்பையில் நடந்தது. அதில் ஓர் அணி ஐந்து கோடி ரூபாய் வரைதான் செலவு செய்யலாம் என்று வரம்பு இருந்தது. ஆட்டக்காரர்களை நான்கு பிரிவாகப் பிரித்து அடிப்படை விலை (ஏலம் தொடங்கும் தொகை) வைத்திருந்தார்கள்: 30 லட்சம், 20 லட்சம், 13 லட்சம், 9 லட்சம். அந்த ஏலத்தில் தலைவாஸ் அணி அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40½ லட்சத்துக்கு எடுத்தது.

ஒன்பது லட்சம் என்றாலே நம் வீட்டுக்குப் பெரிய பணம் ஆயிற்றே என்று நினைப்பீர்கள். ஆமாம். ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தாலே பணம் வராது, ஏதாவது ஓர் அணி கையைத் தூக்க வேண்டும். பட்டியலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர் என்றால் பன்னிரண்டு அணிக்கும் சேர்த்து 300 இடம்தான். அதிலும் பழைய ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொண்டது போக மீதிதான் ஏலத்துக்கு வரும். இரண்டாவது, ஏலத்தொகை பொதுவாக ஒரு சீசனுக்கான தொகை. அடுத்த ஆண்டு யாரும் கேட்காவிட்டால் வருமானம் அத்தோடு நின்றுவிடும்.

பெரிய விலைக்குப் போனால் கவலை இல்லைதானே? 2022-ல் நடந்ததைச் சொல்கிறேன். பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்குத் தலைவாஸ் வாங்கியது. அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத தொகை. பெங்களூரில் குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அந்த சீசன் முழுவதும் அவரால் திரும்ப முடியவில்லை. பயிற்சியாளரும் நடுவில் மாறினார்.

அணி அத்தோடு படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஏலத்துக்கே வராமல், புதிய இளம் ஆட்டக்காரர் என்ற வழியில் சேர்ந்த நரேந்தர் என்ற பையன் பாடிப் போகத் தொடங்கினான். முதல் சீசனிலேயே 243 ரைடு புள்ளிகள் (எதிர்க் களத்துக்குப் போய் எடுக்கும் புள்ளிகள்) எடுத்தான். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனே அணியிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

இந்த ஒரு சீசனில் உங்களுக்கு வேண்டிய பாடம் இரண்டும் இருக்கிறது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் ஒரே நிமிடத்தில் ஆண்டு முடிந்துபோகலாம். பெயர் தெரியாத பையனுக்கும் உள்ளே போக ஒரு கதவு உண்டு.

ஏலம் முடிந்ததும் பயிற்சி முகாம், பிறகு போட்டிகள். 2025 சீசன் ஆகஸ்ட் 29-ல் தொடங்கி அக்டோபர் 31-ல் முடிந்தது. விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், சென்னை, டெல்லி என்று எல்லா அணிகளும் ஊர் ஊராக நகர்ந்தன. ஒவ்வோர் அணிக்கும் 18 லீக் ஆட்டங்கள். ஒரு நாள் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேரின் பெயரைத்தான் கொடுக்கலாம்: களத்தில் ஏழு பேர், மாற்று ஐந்து பேர். மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். சேர்ந்தும் சீசன் முழுவதும் களமே இறங்காமல் திரும்பியவர்கள் உண்டு.

நம் ஊர் ஆட்டத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? மண்ணுக்குப் பதில் மேட் (ரப்பர் விரிப்பு), வெறுங்காலுக்குப் பதில் ஷூ. மண்ணில் கால் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் கால் அப்படியே பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முழங்கால் மாட்டிக்கொள்ளும். அதனால் மண்ணில் மட்டும் ஆடிப் பழகிய பையனை நேரே மேட்டில் இறக்காதீர்கள். வாரத்தில் சில நாளாவது மேட்டில் பழகட்டும். முழங்கால் வீங்கினால் எண்ணெய் தடவி அடுத்த ஊர்ப் போட்டிக்கு அனுப்பாமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எடையையும் கவனியுங்கள்: பெரியவர்கள் பிரிவில் 85 கிலோவைத் தாண்டினால் களத்தில் இறங்க முடியாது.

எந்த வழியாகப் போவது? ஊர்ப் போட்டியில் வாங்கும் கோப்பையை அணிகள் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி, தேசியப் போட்டி என்று படி ஏற வேண்டும். அங்கேதான் அணிகளின் ஆட்கள் பார்ப்பார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கபடி உண்டு, பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு என்று தனித்தனியாக. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். பையன் ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் காலம் தப்பாது.

"பணம் கொடுத்தால் அணியில் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது வந்தால்? ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அணிதான் ஆட்டக்காரருக்குப் பணம் தரும்.

சீசன் இரண்டு மாதம். மீதிப் பத்து மாதம் சோற்றுக்கு என்ன வழி? பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நாடு முழுவதும் கபடிக்காரர்களில் பலர் ரயில்வே, காவல்துறை, ராணுவம் போன்ற இடங்களில் வேலையில் இருந்துகொண்டே ஆடுகிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. இதற்கெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழும், அந்தந்த வேலைக்கோ படிப்புக்கோ உரிய கல்வித் தகுதியும் வேண்டும். படிப்பை விட்ட பையனுக்குக் கபடி தரக்கூடிய நிரந்தர வேலையும் கைநழுவிப் போகும். என் முடிவு இது: பன்னிரண்டாவதையாவது முடிக்காமல் எந்தப் பையனையும் கபடிக்கு மட்டும் நேர்ந்துவிடக் கூடாது.

பெண் பிள்ளைக்கு? புரோ கபடி ஆண்களுக்கு மட்டும்தான். 2016-ல் மூன்று அணிகளோடு ஒருமுறை பெண்களுக்கு நடத்தினார்கள், தொடரவில்லை. அது பெரிய குறை. ஆனாலும் மாநில, இந்திய அணி என்ற வழி திறந்தே இருக்கிறது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். அதே போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் மன்னார்குடி பக்கம் வடுவூர் அபினேஷ் இருந்தார். தமிழ்நாடு அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் கொடுத்தது.

நம் பக்கத்து மாவட்டம் தஞ்சாவூரைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வென்றபோது அவருக்கு வயது 41. ஆகவே பதினெட்டு வயதில் இடம் கிடைக்கவில்லை என்று பையனைத் திட்டாதீர்கள். பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, புதுக்கோட்டை மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒருமுறை போய், அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.