மின்னஞ்சல் சர்வர்: ஊடுருவ முயல்வோரைத் தானாகத் தடுப்பது எப்படி?

மின்னஞ்சல் சர்வர்களுக்குள் நுழைய, தானியங்கி நிரல்கள் இரவு பகலாகக் கடவுச்சொற்களை ஊகித்து முயல்கின்றன. இவற்றைத் தடுக்க 'ஃபெயில்2பேன்' என்ற இலவச மென்பொருள் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது.

சர்வரின் பதிவுகளை இது தொடர்ந்து கண்காணிக்கும். ஒரே ஐபி முகவரியிலிருந்து 10 நிமிடங்களுக்குள் 5 முறை உள்நுழைவு தோல்வியடைந்தால், ஃபயர்வால் மூலம் அம்முகவரியை 10 நிமிடங்களுக்கு முடக்கும். இந்த இயல்பு அளவுகளை நிர்வாகி மாற்றலாம். இத்தகைய பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்குமாறு இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டுள்ளது.

எனினும், ஓர் அலுவலகத்தில் பலரும் ஒரே ஐபி முகவரியைப் பகிர்வது வழக்கம். ஒருவரது கைப்பேசியில் பழைய கடவுச்சொல் இருந்தாலே, அதன் தொடர் முயற்சிகளால் அனைவரது மின்னஞ்சலும் தடைபடக்கூடும். எனவே, நம்பகமான முகவரிகளுக்கு விலக்கு அளிப்பதும், கடவுச்சொல்லை மாற்றியவர்கள் அதை எல்லாக் கருவிகளிலும் புதுப்பிப்பதும் அவசியம்.