பாலைப் பழக் காலத்தில் பிள்ளைகளுடன்

சோளகக் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் வன்னியிலே பாலை மரங்கள் பழுக்கத் தொடங்குகின்றன. அக்காலத்தில் மாங்குளத்துக் குடும்பங்கள் சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டோரம் சென்று வருவது பழைய வழக்கமாகும். கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கின்ற அவ்வூருக்குக் காடு தொலைவிலுள்ள பொருளன்று. வளவு வேலிக்கு அப்பால் என்றே சொல்லிவிடலாம்.

காட்டுக்குப் போய்ப் பழம் தின்று வருவதில் விளக்கிச் சொல்ல என்ன இருக்கின்றது என நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். வேறிடங்களில் அது சரியாக இருக்கலாம். மாங்குளத்திலோ 1990 இல் நின்ற புகையிரதம் மீண்டும் அவ்வழியே கிளிநொச்சிக்கு ஓட 2013 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2008 இல் இடம்பெயர்ந்த மக்கள் போர் முடிந்தபின் திரும்பியபோது, காட்டோரங்களிலே மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. இன்று சிறு பிள்ளைகளுக்குத் தாய் தந்தையராக இருப்போர் பலர், "பாதையை விட்டு விலகாதே" என்னும் பாடத்தோடு வளர்ந்தவர்கள். அப்பாடம் உயிர் காத்தது. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் பாலை எது, வீரை எது என்று அவர்களுட் பலருக்குத் தெரியாமற் போயிற்று. தெரிந்தவர் வீட்டிலிருக்கும் அம்மம்மாவும் அப்புவுமே. ஆதலின் காட்டோரம் போகும் குடும்பம் முதியவர் ஒருவரைக் கட்டாயம் உடனழைத்துச் செல்லவேண்டும். நடக்க இயலாதவரெனில் சைக்கிளில் இருத்தியாவது கொண்டு போகலாம்!

பாலை மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எளிது. இலையின் நுனி கூராக இராமல் நடுவில் சற்றே உட்குழிந்திருக்கும். ஓர் இலையைக் கையிற் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னால் நான்கு வயதுக் குழந்தையும் மறவாது. மரம் மிக வைரமானது. உலக்கைப் பாலை என்ற பெயரும் அதற்குண்டு. புகையிரதத் தண்டவாளத்தின் கீழே குறுக்குக் கட்டைகளாகக் கிடந்தவற்றுள் பாலையும் ஒன்று என்று சொன்னால், புகையிரதம் பார்த்த பிள்ளை மரத்தை இன்னொரு முறை நிமிர்ந்து பார்க்கும். பழம் சிறியது, மஞ்சள் நிறமானது, தேன்போல் இனிப்பது. அதிலுள்ள பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். விதையைத் துப்பிவிட வேண்டுமென்று சின்னஞ் சிறாருக்கு முன்னரே சொல்லிவைப்பது நல்லது. கொப்பை முறித்துப் பழம் பறிக்கும் வழக்கம் இப்போது பெருகிவருகின்றது. மெதுவாக வளரும் மரத்திற்கு அது பெருங்கேடு. எட்டியதைக் கொய்து, விழுந்ததைப் பொறுக்கினாற் போதும்.

கரடிக்கும் பாலைப் பழத்தில் மிகுந்த ஆசை. எனவே பழக்காலத்திற் காட்டின் உட்புறம் நமக்குரியதன்று. ஊரார் நாளாந்தம் நடக்கும் பாதையோரத்து மரங்களே போதியன. வெயில் ஏறுமுன் காலையிற் புறப்பட்டு, உச்சிப் பொழுதுக்கு முன் திரும்பிவிட வேண்டும். மாலையானால் யானைகள் நடமாடக்கூடும். சிறு பிள்ளைகள் தாகத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, விளையாட்டிலே மறந்துவிடுவார்கள். கேளாமலே இடைக்கிடை தண்ணீர் கொடுக்க வேண்டும்.

வெடிபொருள்களை அகற்றும் பணி வன்னியில் இன்னும் முற்றுப்பெறவில்லை. மாரி மழை மண்ணை அரித்துப் பழைய பொருள்களை வெளிக்கொணர்வதுமுண்டு. ஆகையாற் புறப்படுமுன் கிராம அலுவலரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ வழியை விசாரிப்பதில் வெட்கமில்லை. இனந்தெரியாத இரும்பையோ பிளாஸ்ரிக் பொருளையோ கண்டாற் தொடாமல், நின்ற இடத்திலேயே நின்று பெரியவரைக் கூப்பிட வேண்டுமென்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். பயமுறுத்திச் சொல்லாமல், அடுப்புச் சுடும் என்று சொல்வதுபோல இயல்பாகச் சொல்வதே தக்கது. அம்மம்மா மரத்தின் பெயர் சொல்லும்போது தாய் இதனையும் சொன்னால், இரண்டும் பிள்ளையின் மனத்தில் ஒன்றாகவே பதியும்.

வீடு திரும்பியதும் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், காதின் பின்புறம், கழுத்து, கால்விரல் இடுக்கு ஆகியவற்றில் உண்ணி ஏறியிருக்கின்றதா எனப் பார்த்தபின்னரே குளிக்கவார்த்தல் வேண்டும். கோடையிற் புல்நுனிகளில் அவை மிகுதி.